அரை வந்த வழி

1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு ஒரு கருவியைக் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எடை ஏறத்தாழ அரை டன். லண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்த பெரிய தியோடலைட் அது. கோணம் அளக்கும் அதன் கிடைவட்டத்துக்கு விட்டம் மட்டும் மூன்று அடி. ஏறுகிற சுமை சுவரில் உரசாதபடி பக்கவாட்டில் இழுத்துப் பிடித்திருந்த கயிறுகளில் ஒன்று அறுந்தது. கருவி ஆடிப்போய்ச் சுவரில் மோதியது. வட்டம் நெளிந்துவிட்டது.

கருவிக்குப் பொறுப்பாளர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியாவை அளக்கத் தொடங்கியவர். மற்ற இடங்களில் அவருக்குக் குன்றுகள் கிடைத்தன. காவிரிப் படுகையில் குன்று ஏது? கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். அதைத் தாண்டிப் பார்க்கவிடாமல் தென்னையும் மூங்கிலும். எனவே இங்கே கோயில் கோபுரங்களே அவருக்கு மலைகள் ஆயின. 216 அடி உயரப் பெரிய கோயிலைவிட நல்ல மலை தஞ்சையில் இல்லை.

கருவிக்கு ஏற்கெனவே ஒரு கதை உண்டு. இங்கிலாந்திலிருந்து அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று பிடித்து மொரீசியஸுக்குக் கொண்டுபோனது. அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். எதிரியின் கையில் தப்பிய கருவி தஞ்சையில் ஒரு கயிற்றால் அடிபட்டது.

கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1871இல் எழுதிய இந்திய அளவைகளின் வரலாறு இந்த விபத்தைச் சொல்கிறது. ஆர். எச். பிலிமோர் தொகுத்து 1950இல் டேராடூனில் வெளியான நில அளவை ஆவணங்களின் இரண்டாம் தொகுதி 1800 முதல் 1815 வரையிலான காலத்தைப் பேசுகிறது. இவற்றைப் படித்தபோது எனக்குள் எழுந்த கேள்வி வரலாற்றுக் கேள்வி அல்ல, பள்ளிக்கூடக் கேள்வி. அந்த அடி எவ்வளவு பலமானது?

விலக்குக் கயிறு அறுந்த சுமை ஊஞ்சல் போலத் திரும்பும். எவ்வளவு தாழ்கிறதோ அதற்கேற்ற வேகம் பெறும். 500 கிலோ எடை 20 சென்டிமீட்டர் மட்டும் தாழ்ந்ததாக வைத்துக்கொள்வோம். சுவரைத் தொடும்போது வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். ஒருவர் வேகமாக நடக்கும் வேகம், அவ்வளவுதான். இயக்க ஆற்றல் அரை பெருக்கல் நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம். அரை × 500 × 4, அதாவது 1000 ஜூல். வேகம் இரு மடங்காகி 4 மீட்டர் என்றால் ஆற்றல் நான்கு மடங்காகி 4000 ஜூல். கோணத்தின் நுண்ணிய பிரிவுகளைப் பொறித்த வட்டத்துக்கு இதில் சிறியதே அதிகம்.

கணக்கு முடிந்தது. ஆனால் சூத்திரத்தின் முன்னால் நிற்கும் அந்த ‘அரை’ என்னை விடவில்லை. 1808இல் லாம்டன் இதே கணக்கைப் போட்டிருந்தால் அந்த அரை அவரிடம் இருந்திருக்குமா?

1808இல் அரை இல்லை

பழைய இயற்பியல் நூல்களின் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். இயங்கும் பொருளுக்குள் இருக்கும் வலிமையை நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம் என்று லைப்னிட்ஸ் 1686இல் சொன்னார். அதற்கு ‘உயிருள்ள விசை’ என்று பெயர். அதில் அரை இல்லை. டச்சு அறிஞர் கிராவசாண்டே 1722இல் பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரத்திலிருந்து களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் இரு மடங்கானால் பள்ளம் நான்கு மடங்கானது. வேகத்தின் வர்க்கம்தான் கணக்கு என்று உறுதியாயிற்று. எமிலி டு ஷாட்லே என்ற பிரெஞ்சுப் பெண் அறிஞர் 1740இல் வெளியிட்ட நூலில் இந்தச் சோதனையை எடுத்துக்காட்டி வாதாடினார். அப்போதும் அரை இல்லை. இரு மடங்கா நான்கு மடங்கா என்று ஒப்பிடுவதற்கு முன்னால் நிற்கும் எண் தேவைப்படவில்லை.

1807இல், தஞ்சை விபத்துக்கு முந்தைய ஆண்டு, தாமஸ் யங் தம் சொற்பொழிவு நூலில் இதற்கு ‘எனர்ஜி’ என்று பெயர் வைத்தார். பெயர் வந்தது, அரை வரவில்லை. நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம் என்றே அவரும் எழுதினார். காற்றும் கடல் நீரோட்டமும் திசை திரும்பும் விளைவுக்குப் பெயர் தந்த கொரியோலிஸ்தான், இயந்திரங்களின் வேலையைக் கணக்கிடும் தம் 1829ஆம் ஆண்டு நூலில் அரையைச் சேர்த்தார். லாம்டன் 1823 ஜனவரியில் இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள ஹிங்கன்காட்டில் இறந்துபோனார். அரை புத்தகம் ஏறியபோது அவர் இல்லை. பெரிய கோயில் சுவரில் விழுந்த அடியை அவர் காலத்துப் புத்தகத்தை வைத்து அளந்தால் நம் விடையைப்போல் இரு மடங்கு வரும்.

கொரியோலிஸுக்கு அரை ஏன் தேவைப்பட்டது? அவருக்கு இயந்திரம் செய்யும் வேலை வேண்டும். எத்தனை எடையை எவ்வளவு உயரம் தூக்கும் என்பது வேண்டும். நின்ற பொருளை ஒரே சீரான விசையால் தள்ளுகிறோம். தொடக்கத்தில் வேகம் சுழி, முடிவில் ஒரு வேகம். இடையில் அது சீராக ஏறுகிறது. எவ்வளவு தூரம் போனது என்று கேட்டால் இரண்டு வேகங்களையும் கூட்டிப் பாதியாக்கி நேரத்தால் பெருக்க வேண்டும். சுழியும் இறுதி வேகமும் சேர்ந்த கூட்டலில் பாதி, இறுதி வேகத்தில் பாதி. விசையையும் நேரத்தையும் பெருக்கினால் நிறையும் வேகமும் பெருகியது வரும். அதை இந்தப் பாதி வேகத்தோடு பெருக்கினால் அரை உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. தாளில் வரைந்தால் இது ஒரு செங்கோண முக்கோணம். அடிப்பக்கம் நேரம், உயரம் வேகம், பரப்பு தூரம். முக்கோணப் பரப்புக்கு ஏன் அரையோ, இயக்க ஆற்றலுக்கும் அதற்காகவே அரை.

  

இரண்டு முனைகளைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கு என்ற இந்த வழியை நான் வேறெங்கோ படித்திருந்தேன். அதுவும் தஞ்சையிலேயே.

சரசுவதி மகாலில்

கணக்கதிகாரம் காரிநாயனார் இயற்றிய தமிழ்க் கணக்கு நூல். அவர் காவிரி நாட்டுக் கொறுக்கையூரைச் சேர்ந்தவர். ஓலைச்சுவடிகளில் ஊருக்கு ஒரு வடிவமாக வழங்கிய இந்நூலின் பல படிகளைத் திரட்டி, சத்தியபாமா காமேஸ்வரன் பதிப்பில் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1998இல் தொகுப்பு நூலாக வெளியிட்டது. நிலம், பொன், நெல், அரிசி, கல், காலம் என்று அன்றாட வாழ்க்கையில் அளக்க வேண்டிய எல்லாம் அதில் உண்டு. பலாப்பழத்தை வெட்டாமல் சுளையை எண்ணும் வழிக்காகவே இன்று பலரும் அதை அறிவார்கள். எனக்கு வேண்டியது நிலப் பகுதி.

அளவை நினைவுபடுத்திக்கொள்வோம். பன்னிரண்டடிக் கோலால் ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் ஒரு குழி. 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. இன்றும் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் ‘எனக்கு மூணு மா நிலம்’ என்றுதான் பேச்சு. ஒரு மா 33 சென்ட், ஒரு வேலி 6.6 ஏக்கர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியோடு குழிமாத்தும் மனப்பாடம் செய்தார்கள். குழிமாத்து என்பது எண்களைத் தம்மாலேயே பெருக்கும் வாய்பாடு. நிலம் அளக்கப்போகிறவனுக்கு அது கைச்சரக்கு.

நிலப் பகுதியில் பாதி எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தேன். முதலில் அகப்பட்டது வட்டம். வட்டத்தின் சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் குழி கிடைக்கும் என்கிறது நூல். 14 கோல் விட்டமுள்ள குளத்துக்குச் சுற்றளவு 44 கோல் என்று கொண்டால் 7 × 22, 154 குழி. இந்த விதியில் பிழையே இல்லை. சுற்றளவைக் கயிறு போட்டு நேரடியாக அளந்துவிட்டால் ‘பை’யின் மதிப்பு தெரியாமலே சரியான பரப்பு வரும்.

அடுத்தது நான்கு பக்கமும் வேறுவேறான வயல். டெல்டாவில் பெரும்பாலான வயல்கள் அப்படித்தான். வாய்க்கால் வளைந்த இடத்தில் வரப்பும் வளையும். அதற்குக் கணக்கர்கள் கையாண்ட வழி, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு பாதிகளையும் பெருக்குவது. நான் தேடிய பாதி இதுதான். கொரியோலிஸ் இரண்டு வேகங்களைக் கூட்டிப் பாதியாக்கியதும் கணக்கர் இரண்டு வரப்புகளைக் கூட்டிப் பாதியாக்கியதும் ஒரே செயல்.

இந்த வழி தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியது அல்ல. எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில் பொறித்த நிலக் கொடைப் பட்டியலிலும் இதே விதி இருக்கிறது. முக்கோண நிலம் வந்தால் நான்காவது பக்கம் ‘இல்லை’ என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டார்கள். பிரம்மகுப்தர் 628இல் இயற்றிய நூலில் இதை மேலோட்டமான விடை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, நுட்பமான இன்னொரு விதியையும் தருகிறார்.

விதியைச் சோதித்தல்

மேலோட்டம் என்றால் எவ்வளவு? எந்தப் பக்கம் சாய்கிறது? இதற்கு ஆவணம் வேண்டாம், பென்சில் போதும்.

நீள்சதுர வயல், 40 கோலுக்கு 30 கோல். விதிப்படி 1200 குழி, பன்னிரண்டு மா. உண்மையும் அதுவே.

அதே நீளப் பக்கங்கள், ஆனால் மூலைகள் செங்கோணமாக இல்லாமல் வயல் ஒரு பக்கம் சாய்ந்து, கூர்மூலை 60 பாகையாக இருக்கிறது. விதி மறுபடியும் 1200 குழி என்கிறது. அதற்கு வரப்பின் நீளம் தெரியுமே தவிர மூலை தெரியாது. உண்மைப் பரப்பு 1039 குழிதான். ஒன்றரை மாவுக்கு மேல் கற்பனை நிலம்.

மூன்றாவது வயலில் அடுத்தடுத்த பக்கங்கள் 30, 40, 40, 30. முப்பதும் நாற்பதும் சந்திக்கும் இரண்டு மூலைகளும் செங்கோணம். உண்மை 1200. விதி 35 × 35, 1225 குழி. கால் மா கூடுதல்.

கடைசியாக முக்கோண நிலம். பக்கங்கள் 30, 40, 50. உண்மை அரை × 30 × 40, 600 குழி. எட்ஃபு வழியில் நான்காம் பக்கத்தைச் சுழியாக்கினால் 35 × 25, 875 குழி. கிட்டத்தட்ட மூன்று மா அதிகம்.

எல்லாப் பிழையும் ஒரே பக்கம் விழுகிறது. தற்செயல் இல்லை. நாற்கரத்தின் நான்கு மூலைகளில் ஒன்று செங்கோணத்திலிருந்து விலகினாலும் விதி தரும் விடை உண்மைப் பரப்பைவிடக் கூடும், ஒருபோதும் குறையாது. இது வடிவியலில் நிறுவப்பட்ட உண்மை. குழிக்கு இத்தனை கலம் என்று வரி கேட்கும் இடத்தில் இந்த விதியின் சாய்வு யாருக்குச் சாதகம் என்று சொல்லத் தேவையில்லை. நிலம் அளப்பவர் நேர்மையானவராக இருந்தாலும் சூத்திரமே உழுகிறவன் தலையில் கூடுதல் குழிகளை ஏற்றிவிடும்.

சமூக ஊடகங்களில் போதையனார் என்ற பெயரோடு சுற்றும் இன்னொரு பாதியையும் சோதித்தேன். செங்கோண முக்கோணத்தின் நீளப் பக்கத்தை எட்டாக்கி ஒன்றைத் தள்ளி, மிச்சத்தோடு உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் கிடைக்கும். வர்க்கமூலம் வேண்டாம் என்பது அதன் பெருமை. 4, 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. சரி. 12, 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. அதுவும் சரி. ஆனால் சமன்பாட்டைத் தீர்த்துப் பார்த்தால் இது முழுக்கப் பொருந்துவது இந்த இரண்டு வடிவங்களுக்கும் அவற்றின் மடங்குகளுக்கும் மட்டுமே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட முக்கோணங்களில் விடை சற்றுக் கூடும், ஆனால் ஒரு விழுக்காட்டுக்குள். இரு பக்கமும் சமமென்றால் கிட்டத்தட்ட மூன்று விழுக்காடு குறையும். ஒல்லியான முக்கோணத்தில் எட்டில் ஒரு பங்கு வரை குறையும். தச்சருக்கும் கொத்தனாருக்கும் உதவும் நல்ல கைவிதி. பித்தாகரஸ் தேற்றத்துக்கு மாற்று அல்ல. இங்குள்ள பாதி, பொருந்துவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எண். முக்கோணத்தின் அரையைப் போலக் காரணத்திலிருந்து பிறந்தது அல்ல.

சுவரில் இருக்கும் துல்லியம்

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். நிலத்தைத் தலைமுடியளவுக்குத் துல்லியமாக அளந்தவர்கள் அல்லவா சோழர்கள்? ராஜராஜன் காலத்தில், 1001ஆம் ஆண்டு வாக்கில் பெரிய நில அளவை நடந்தது. அளந்த அதிகாரிக்கு உலகளந்தான் என்றே பட்டம். குலோத்துங்கன் 1086இல் மறுபடியும் அளந்தான். அளவுகோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே கோடாகப் பொறித்துவைத்த ஊர்கள் படுகையில் உண்டு. பெரிய கோயில் கல்வெட்டுகளிலோ பின்னத்தின் கீழ்ப் பின்னமாக நிலம் எழுதப்பட்டிருக்கிறது. அரை, கால், அரைக்கால், மா, காணி என்று இறங்கி, 320இல் ஒன்றான முந்திரிக்கு வந்து, அந்த முந்திரியை மறுபடி 320ஆகப் பகுத்து, மீண்டும் பகுத்துப் போகிறது. ஒரு வேலியில் 52,428,800,000இல் ஒரு பங்கு வரை கணக்கிட்டார்கள் என்று கல்வெட்டு அறிஞர்கள் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தேன். 320ஐ மூன்று முறை பெருக்கி, 1600ஆல் பெருக்கினால் அது வரும். இன்றைய வேலியை வைத்துக் கணக்கிட்டால் அந்தப் பங்கு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். எறும்பு நிற்கப் போதாத இடம். எந்தக் கோலும் அதை அளக்காது. அந்தத் துல்லியம் வயலில் பிறந்தது அல்ல, பெருக்கி வகுக்கும்போது பின்னங்களைத் தூக்கி எறியாததால் வந்தது. கணக்கில் சோழ அதிகாரிகளின் நேர்மைக்கு அது சான்று. பரப்பு சரியா என்பதற்குச் சான்று அல்ல. தொடக்கத்தில் போட்ட விதி ஒரு மாவைக் கூட்டிவிட்டால் முடிவில் எத்தனை முந்திரி வரை எழுதினாலும் அந்த மா போகாது.

தீர்ப்பு

இந்த இடத்தில் லாம்டன் மறுபடி தேவைப்படுகிறார். நெளிந்த வட்டத்தை அவரே சரிசெய்தார். கருவியைப் பிரித்து, ஒரு பெரிய பலகையில் சரியான அளவுள்ள வட்டத்தை வரைந்து வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு நெளிந்த விளிம்பை இழுத்து அந்த வட்டத்தோடு பொருத்தினார். ஆறு வாரங்கள் பிடித்தன. அந்தக் கருவி தொடர்ந்து வேலை செய்தது. இன்று டேராடூனில் இந்திய நில அளவைத் துறையிடம் இருக்கிறது. அவர் எந்த இடத்திலும் நான்கு பக்கங்களை நம்பவில்லை. எல்லாவற்றையும் முக்கோணமாக்கினார். மூன்று பக்கங்கள் தெரிந்தால் முக்கோணத்துக்கு ஒரே வடிவம்தான். நான்கு பக்கங்கள் தெரிந்தாலும் நாற்கரம் சாயும், சாயச் சாயப் பரப்பு மாறும்.

அரையைப் பற்றிய விசாரணை இதோடு முடிகிறது. சீராக ஏறும் அளவின் இரு முனைகளைக் கூட்டிப் பாதியாக்கி, செங்குத்தாக அளந்த நீளத்தால் பெருக்கினால் விடை மிகச் சரி. முக்கோணத்தின் அரை, வட்டத்தின் அரைகள், இயக்க ஆற்றலின் அரை எல்லாம் இந்த நிபந்தனைக்குள் வருகின்றன. நாற்கர வயலில் கணக்கர் எடுத்த பாதி அதே பாதிதான். செங்குத்து என்ற நிபந்தனை மட்டும் அங்கே காணாமல் போனது.

தமிழ்நாட்டு சர்வேயர்களின் புலப்படங்களில், எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தாள்களில், வயலுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதற்குச் செங்குத்தாக மூலைகளின் தூரத்தைக் குறித்திருப்பார்கள். குறுக்குக் கோட்டின் நீளம், இரு பக்கத்துச் செங்குத்துகளின் கூட்டல், இரண்டையும் பெருக்கி அரை. நாற்கரத்தை இரண்டு முக்கோணமாக்கிய கணக்கு அது. எனவே வயல் வாங்குகிறவர்களும் பாகம் பிரிக்கிறவர்களும் நாலு வரப்பையும் டேப் பிடித்து அளந்து, எதிரெதிரே கூட்டிப் பாதியாக்கி விலை பேசாதீர்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இன்னொரு தடவை டேப்பைப் பிடியுங்கள். அந்த ஐந்தாவது அளவு இல்லாமல் எந்த நாற்கர வயலுக்கும் பரப்புச் சொல்ல முடியாது.